கைக்குள் வந்த கேம் ஏன் திக்குகிறது?

பெரிய கருவிகளுக்காக எழுதப்பட்ட வீடியோ கேம்களைக் கையடக்கக் கருவிகளில் ஓடும்படி மாற்றி எழுதுவதை ‘போர்ட்’ என்போம். பதினோரு ஆண்டுகளாக அதுதான் என் வேலை. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஆறினை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கையடக்கக் கருவியில் ஒரு கார் பந்தய கேம் ஆடுகிறேன். திரையின் மூலையில் எப்போதும் 30 ஃபிரேம் என்றே காட்டுகிறது. எண் இறங்குவதே இல்லை. ஆனாலும் வளைவுகளில் படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. நண்பர்கள் இது என் கற்பனை என்கிறார்கள்.

பதில்: கற்பனை இல்லை. உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்த எண்தான் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைக்கிறது.

ஒரு நொடிக்குள் முப்பது படங்கள் வந்தன என்று மட்டுமே அது சொல்லும். எந்த இடைவெளியில் வந்தன என்று சொல்லாது. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறை, படத்தைப் புதுப்பிக்கிறது. 30 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு புதுப்பிப்புக்குத் திரையில் நிற்க வேண்டும். ஒரு படம் ஒன்றுக்கும் அடுத்த படம் மூன்றுக்கும் நின்றால் என்ன ஆகும்? கூட்டிப் பாருங்கள், அப்போதும் நொடிக்கு 30தான். அடிகளின் எண்ணிக்கை குறையாமல் காலப்பிரமாணம் மட்டும் தள்ளாடுகிற தாளம் போன்றது அது. எண்ணுகிறவருக்குத் தெரியாது, கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இதே சிக்கல் எங்கள் குழுவுக்கு வந்தது. அதுவும் பந்தய கேம்தான். பரிசோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண், ‘கார் நழுவுகிறது’ என்று தினமும் குறிப்பு எழுதிவைப்பார். நாங்கள் தினமும் மூலையில் இருந்த எண்ணைக் காட்டி அந்தக் குறிப்பை மூடிவிடுவோம். இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அவர் தன் செல்போனைப் புத்தகங்களின் மேல் நிறுத்தி, நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டக் கேமராவில் கருவியின் திரையைப் பதிவு செய்தார். அதை ஒவ்வொரு படமாகத் தள்ளி எண்ணினார். கேமின் ஒவ்வொரு படமும் செல்போனின் 8 படங்களுக்கு அசையாமல் நிற்க வேண்டும். அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் இருந்தது: 4, 12, 4, 12, 8, 4, 12. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

எங்கள் புரோகிராம் திரையின் புதுப்பிப்புக்காகக் காத்திருக்காமல் தன் சொந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கடிகாரத்துக்கும் திரைக்கும் மயிரிழை விலகல் இருந்தால் போதும், ஒரு படம் முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். மூலக் கருவியில் அந்த கேம் 60 ஃபிரேமில் ஓடியதால் இது வெளியே தெரியவில்லை. ‘இரண்டு புதுப்பிப்பு முடியும்வரை காத்திரு’ என்று சில வரிகள் சேர்த்ததும் கார் நழுவுவது நின்றது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் கையில் எடுத்த அனைவருக்கும் அது வேறு கேமாகத் தெரிந்தது.

உங்கள் செல்போனில் அந்த வசதி இருந்தால் நீங்களும் எண்ணிப் பாருங்கள். நண்பர்களிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். கேமை வெளியிட்டவர்களுக்கும் அனுப்புங்கள். ‘வெட்டுகிறது’ என்ற சொல்லைவிட அந்த எண்கள் சீக்கிரம் காதில் ஏறும். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினியைப் போல, திரையின் வேகத்தையே மாற்ற முடிகிற கருவி வைத்திருந்தால் 40 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 40 புதுப்பிப்பு) 40 ஃபிரேமாக வைத்து ஆடிப் பாருங்கள். அப்போது ஒரு படம் 25 மில்லிநொடி நிற்கும். அது 30 ஃபிரேமின் 33.3க்கும் 60 ஃபிரேமின் 16.7க்கும் நட்டநடுவே இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 58. தொலைக்காட்சியில் சிரமமில்லாமல் ஆடிய கேமைப் பயணங்களுக்காகக் கையடக்கக் கருவியில் மறுபடியும் வாங்கினேன். கண்ணாடி போட்டும் எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. இனி எனக்கு இது சரிப்படாதோ?

பதில்: ஐயா, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். தவறு எங்கள் பக்கம்.

மேலிருந்து கீழாக 1080 வரிசைப் புள்ளிகள் கொண்ட படத்தில் 24 புள்ளி, அதாவது 24 பிக்சல், உயரமுள்ள ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வோம். 50 அங்குலத் தொலைக்காட்சியில் அதன் உயரம் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். அதே எழுத்து நின்டெண்டோவின் முதல் ஸ்விட்ச் கையடக்கக் கருவியின் 6.2 அங்குலத் திரையில் 1.7 மில்லிமீட்டராகச் சுருங்கும். கருவியை 35 சென்டிமீட்டரில் பிடித்தால், இரண்டரை மீட்டர் தள்ளியிருக்கும் தொலைக்காட்சி எழுத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தெரியும் என்று கணக்கு சொல்லும். இளைஞர்கள் அந்தக் கணக்கைக் காட்டி வாதாடுவார்கள். ஆனால் வெள்ளெழுத்து வந்தவர் எதையும் 35 சென்டிமீட்டரில் பிடிப்பதில்லை. கையை நீட்டி, தள்ளிப் பிடிப்பார். அங்கேயே கணக்கு உடைந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் திரை 720 வரிசை கொண்டது. ஆகவே 24 பிக்சலாக இருந்த எழுத்து 16 ஆகிறது. கேம் மூச்சுத் திணறும் நேரத்தில் படத்தை 540 வரிசைக்கு இறக்கும் போர்ட்டுகள் உண்டு. அப்போது எழுத்தையும் படத்தோடு சேர்த்துச் சுருக்கினால் 12 பிக்சல்தான் மிஞ்சும். கோடுகள் நெருங்கிய ஜப்பானிய, சீன எழுத்துகள் 12 பிக்சலில் கறைபோல ஆகிவிடலாம். காட்சியை எந்த அளவுக்குச் சுருக்கினாலும் எழுத்தை மட்டும் கடைசியில், திரையின் முழு அளவில், தனியாக வரைய வேண்டும். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த முறை. பெரிய எழுத்து போட்டால் உரைப் பெட்டிகளை எல்லாம் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் தள்ளிப்போடுகிறார்கள். மேசையில் பெரிய மானிட்டரை வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு எல்லா எழுத்தும் தெளிவாகவே தெரிகிறது என்பதும் ஒரு காரணம். எங்கள் குழுவில் இப்போது 50 வயது தாண்டிய ஒருவர் பார்க்காமல் எந்தத் திரையும் முடிந்ததாகக் கொள்வதில்லை.

உங்களுக்கு உடனடி உதவி: ஸ்விட்ச் கருவியின் அமைப்புகளில் ‘ஸூம்’ வசதியை இயக்கிவைத்தால், ஹோம் பொத்தானை இரண்டு முறை அழுத்தித் திரையைப் பெரிதாக்கலாம். ஸ்டீம் டெக்கில் ஸ்டீம் பொத்தானோடு எல்1 அழுத்தினால் உருப்பெருக்கி வரும்.

கேள்வி: சிறிய கருவிக்குச் சக்தி குறைவு என்பது புரிகிறது. ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டால் கேம் வேகமாக ஓட வேண்டியதுதானே? மங்கலாகவும் இருக்கிறது, மெதுவாகவும் ஓடுகிறதே?

பதில்: நல்ல கேள்வி. ரெசல்யூஷனை, அதாவது படத்தின் பிக்சல் எண்ணிக்கையை, குறைத்தால் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்பின் சுமைதான் இறங்கும். மற்றக் கணக்குகளைப் போடும் பிராசஸரின் சுமை அப்படியே இருக்கும். கேமில் ஒரு சந்தை, அதில் அறுபது பேர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே திரும்புவது, யார் மேல் மோதாமல் விலகுவது என்று அறுபது பேருக்கும் கணக்குப் போட வேண்டும். படம் 1080 வரிசையானாலும் 540 வரிசையானாலும் அந்தக் கணக்கு ஒன்றுதான்.

2017இல் வந்த ஸ்விட்சில் இதை எண்ணிலேயே பார்க்கலாம். தொலைக்காட்சியில் மாட்டி ஆடும்போது கிராபிக்ஸ் சிப் 768 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கையில் எடுத்ததும், பேட்டரிக்காக, பெரும்பாலும் 384 அல்லது 307க்கு இறங்கும். 1080 வரிசையிலிருந்து 720க்கு இறங்கினால் பிக்சல் எண்ணிக்கையும் பாதிக்குக் கீழே போவதால் அந்த இழப்பு சரிக்குச் சரியாகிவிடும். ஆனால் பிராசஸர் இரண்டு நிலையிலும் அதே 1.02 கிகாஹெர்ட்ஸ்தான், அதன் கணக்கிடும் பகுதிகளான கோர்களில் கேமுக்குக் கிடைப்பது மூன்றுதான். தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் 4இல் 1.6 கிகாஹெர்ட்ஸில் எட்டு கோர் உண்டு. மெமரியும் அங்கே 8 ஜிபி, இங்கே 4. அந்தக் கருவியை நிரப்பி எழுதிய சந்தையை இங்கே அப்படியே இறக்கிவைக்க வழியில்லை. கூட்டத்தைக் கலைக்க வேண்டும், அல்லது தொலைவில் நடப்பவர்களின் அசைவை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு முறை கணக்கிட வேண்டும், அல்லது கேமின் வேகத்தையே பாதியாக்க வேண்டும்.

2017 நவம்பரில் ஸ்விட்சுக்கு வந்த ‘டூம்’ மூன்றாம் வழியைத் தேர்ந்தெடுத்தது. மற்றக் கருவிகளில் 60 ஃபிரேம், இங்கே 30. 2019 அக்டோபரில் ‘தி விட்சர் 3’ வந்தபோது கையில் ஆடும் படம் 540 வரிசை அளவுக்கு இறங்கியது. அந்தப் பரந்த உலகம் முழுவதும் 32 ஜிபி அட்டைக்குள் அடங்கியது. படம் மங்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவு செய்திருக்கிறார்கள் என்பது அந்த இரண்டிலும் தெரியும். நீங்கள் சொல்லும் கேமில், ரெசல்யூஷன் என்ற ஒரே திருகை மட்டும் கடைசிவரை திருகிவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இரண்டு பக்கமும் நஷ்டம்.

கேள்வி: கையடக்கக் கணினியில் புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு கணம் உறைகிறது. அதே இடத்துக்கு மறுபடி போனால் உறைவதில்லை. ஏன்?

பதில்: ஒளி, நிழல், நீர் ஆகியவற்றை வரையும் சிறு புரோகிராம்களான ஷேடர்கள் அந்தக் கணத்தில்தான் உங்கள் சிப்புக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. ஒருமுறை மாற்றியது சேமிக்கப்படுவதால் மறுமுறை உறைவதில்லை. ஒரே வகைச் சிப் உள்ள கருவிகளில் இந்த வேலையை முன்கூட்டியே செய்துவிடலாம். ஸ்டீம் டெக் பல கேம்களுக்குத் தயாராக மாற்றிய ஷேடர்களைப் பதிவிறக்கித் தருவது இப்படித்தான். கேம் முதலில் திறக்கும்போது ‘ஷேடர் தயாராகிறது’ என்று காத்திருக்கச் சொன்னால் பொறுமையாகக் காத்திருங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: சிறுவயதில் கேம் பாய் அட்வான்ஸில் ஆடிய கேம்களை இன்றைய திரையில் பார்த்தால் நிறம் வெளுத்து, பாட்டு கரகரவென்று இருக்கிறது. என் நினைவு பொய்யா?

பதில்: நினைவு பொய்யில்லை. 2001இல் வந்த அந்தக் கருவியின் திரைக்கு விளக்கே கிடையாது. மேசை விளக்கின் கீழே, திரையில் கண்ணாடிப் பளபளப்பு விழாதபடி சாய்த்துப் பிடித்து நான் ஆடியிருக்கிறேன். கழுத்து வலிக்கும். அந்த இருட்டுத் திரையில் தெரிய வேண்டும் என்பதற்காகவே, தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் பழைய கருவியான சூப்பர் நின்டெண்டோவிலிருந்து கொண்டுவந்த பல கேம்களின் நிறங்களை வேண்டுமென்றே வெளுக்க வைத்தார்கள். 2003இல் விளக்குள்ள மாடல் வந்ததும் அந்த உதவியே குறையாகத் தெரிய ஆரம்பித்தது.

பாட்டின் கதை வேறு. சூப்பர் நின்டெண்டோவில் எட்டுக் குரல்களைக் கலந்து தரத் தனி ஒலிச் சிப் இருந்தது. கேம் பாய் அட்வான்ஸில் பதிவு செய்த ஒலிகளைக் கலக்கும் வேலையைப் பிராசஸரே செய்ய வேண்டும், அதுவும் 8 பிட் தரத்தில். பாட்டை நன்றாக்கினால் ஆட்டம் மெதுவாகும். சூப்பர் நின்டெண்டோவின் படம் 256க்கு 224 பிக்சல், கேம் பாய் அட்வான்ஸின் திரை 240க்கு 160. மேலும் கீழும் சேர்த்து 64 வரிசை பறிபோனது. குதிக்கும்போது தலைக்கு மேல் இருப்பது தெரியாமல் செத்திருப்பீர்களே, அது அந்த 64 வரிசைதான்.

கேள்வி: இரவில் கருவியை உறங்க வைத்துவிட்டுக் காலையில் எழுப்பினால், என் பாத்திரம் தரையைத் துளைத்துக்கொண்டு விழுந்து இறந்துவிடுகிறது. மூன்று முறை நடந்துவிட்டது.

பதில்: பெரிய கருவிகளில் ஆட்டத்தின் நடுவே உறங்கவைப்பது முன்பெல்லாம் அபூர்வம், கையடக்கக் கருவியில் அது நாளுக்குப் பத்து முறை நடக்கிறது. பழைய புரோகிராம், ‘போன ஃபிரேமுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்று கடிகாரத்தைக் கேட்கும். எட்டு மணி நேரம் என்று பதில் வரும். எட்டு மணி நேரம் விழுந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவையும் ஒரே ஃபிரேமில் விழவைக்கும். அந்த ஒரே தாவலில் தரை எங்கே இருந்தது என்று சோதிக்கவும் வாய்ப்பில்லை. ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவுதான் உச்சம் என்று எல்லை வைத்தால் தீர்ந்தது. அடுத்த அப்டேட் வரும்வரை, பாத்திரத்தைத் தரையில் அசையாமல் நிறுத்தி, மெனுவைத் திறந்து வைத்துவிட்டு உறங்க வையுங்கள். மெனு திறந்திருக்கும்போது பெரும்பாலான கேம்கள் அந்தக் கணக்கை நிறுத்திவைத்திருக்கும்.