எஸ்எஸ்எல் போட்டும் "போலித் தளமா?" என்று கேட்கிறார்கள்

உங்கள் இணையக் கடைக்கு எஸ்எஸ்எல் (தளத்துக்குப் போய்வரும் தகவலை மறையாக்கும் சான்றிதழ்) போட்டும் வாடிக்கையாளர்கள் இப்படிக் கேட்பதாகச் சொல்லி, முகப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தீர்கள். சான்றிதழில் கோளாறு இல்லை. முகப்பின் மேல்பாதியைச் சரிசெய்யுங்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பக்கம் கண்ணுக்குப் பிடித்ததா என்பதை 50 மில்லிசெகண்டிலேயே முடிவுகட்டிவிடுகிறோம். முகவரிப் பட்டையில் எஸ்எஸ்எல்லைக் காட்டும் பூட்டுச் சின்னத்தைப் பார்க்க அதற்குள் யாருக்கு நேரம்?

ஸ்கிரீன்ஷாட்டில் உறுத்துவது எழுத்துதான். உங்கள் எழுத்துருவில் தமிழ் இல்லை போலும். ஆங்கிலம் ஒரு தினுசு, தமிழ் வேறு தினுசு. வரி இடைவெளி எழுத்தளவில் 1.2 மடங்குதான் என்பதால் 'து', 'நூ' இவற்றின் அடிப்பகுதி கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கிறது. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' எழுத்துருவைப் போட்டு, வரி இடைவெளியை 1.6 வையுங்கள்.

பிறகு கூகுளின் தளச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மொபைலுக்கான சிஎல்எஸ் (பக்கத்திலுள்ளவை எதிர்பாராமல் எவ்வளவு இடம் நகர்கின்றன என்ற அளவு) பாருங்கள். 0.1-ஐத் தாண்டினால், படங்களுக்கு அகல உயரம் குறிக்காததே பெரும்பாலும் காரணம். 'வாங்கு' பட்டனைத் தொடப்போகும்போது, தாமதமாக வந்த படம் தள்ளி அது கீழே நழுவும். அப்புறம் யார் நம்புவார்கள்?

இதெல்லாம் முதல் பார்வைக்குத்தான். கடை முகவரியும் ரிட்டர்ன் விதியும் இல்லையென்றால் பணம் கட்டும் பக்கத்தில் திரும்பிவிடுவார்கள்.