அறைவீட்டு ஜெபமும் கூட்டு ஜெபமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் தமிழ்நாடு-கேரள எல்லைப்பகுதிச் சபைகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜெபத்தைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஆறாகச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் பகுதியில் வெள்ளிக்கிழமைதோறும் முறை வைத்து வீட்டு ஜெபம் நடக்கிறது. என் வீட்டுக்காரர் வர மறுக்கிறார். "கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்ன இயேசு, முற்றத்தில் பாய் விரித்து ஊர் கேட்கக் கத்தச் சொன்னாரா?" என்று மத்தேயு 6-ஐக் காட்டுகிறார். நான் என்ன சொல்ல?
- வாசகி, களியக்காவிளை

உங்கள் வீட்டுக்காரர் வசனத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். அதே பக்கத்தில் இன்னும் நான்கு வரி வாசித்தால் போதும். கதவைப் பூட்டச் சொன்ன அதே மூச்சில் இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம் "எங்கள் பிதாவே" என்றுதான் தொடங்குகிறது. எங்கள் அப்பம், எங்கள் கடன்கள், எங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்கிறவர்கள். "என்" என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வராது. தனியே அறையில் முழங்காலிடுகிறவரும் சபையைக் கூட்டிக்கொண்டுதான் அந்த ஜெபத்துக்குள் போக முடியும்.

நம் வேதாகமத்தில் "அறைவீடு" என்று இருக்கும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல், சாமான் போட்டுவைக்கும் உள்ளறையைக் குறிப்பது. லூக்கா 12:24-ல் காகங்களுக்குப் "பண்டசாலை" இல்லை என்று வருகிறதே, அங்கேயும் அதே சொல்தான். நம்மூர்க் கணக்கில் சொன்னால், தேங்காயும் நெல்லும் போட்டுவைக்கும் இருட்டறை. யாரும் எட்டிப் பார்க்காத இடம். அங்கே நீங்கள் ஜெபித்ததைப் பார்த்து மெச்ச ஆள் கிடையாது. இயேசு சொல்ல வந்தது அதைத்தான்.

மாயக்காரர் நின்று ஜெபித்ததையும் அவர் குற்றமாகச் சொல்லவில்லை. யூதர் வழக்கமே நின்று ஜெபிப்பது. மாற்கு 11:25-ல் "நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது" என்று சீஷர்களிடமே சொல்கிறார். லூக்கா 18-ல் ஆலயத்துக்கு வந்த ஆயக்காரனும் நின்றுதான் ஜெபித்தான், பொது இடத்தில்தான் ஜெபித்தான், நீதிமானாக்கப்பட்டவனாக வீட்டுக்குப் போனான். "மனுஷர் காணும்படியாக" என்ற நோக்கம்தான் கண்டிக்கப்பட்டது. தானியேல் ஜன்னலைத் திறந்துவைத்து நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தபோது, பார்த்தவர்கள் அவரை மெச்சவில்லை. சிங்கக் கெபியில் போட்டார்கள். இயேசுவும் அதிகாலையில் வனாந்தரத்துக்குத் தனியே போனார் (மாற்கு 1:35). லாசருவின் கல்லறை முன்னால் கூட்டம் கேட்கும்படி சத்தமாக ஜெபித்தார், சூழ்ந்து நிற்கிறவர்களுக்காகவே சொன்னதாகவும் சொன்னார் (யோவான் 11:42).

ஆகவே வெள்ளிக்கிழமைக் கூட்டம் தவறில்லை. ஆனாலும் உங்கள் வீட்டுக்காரரின் கோபத்தைத் தள்ளிவிடாதீர்கள். தனியே ஐந்து நிமிடம் ஜெபிக்காதவர் கூட்டத்தில் இருபது நிமிடம் ஜெபித்தால், அந்த இருபது நிமிடம் யாருக்காக என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. குரலையும் கவனியுங்கள். அறையில் பேசும் குரல் ஒன்று, முற்றத்தில் வரும் குரல் வேறொன்று என்று ஆகிவிட்டால் அங்கேதான் பழுது. அவரை வற்புறுத்தி அழைக்க வேண்டாம். முறை உங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும், ஒரு சங்கீதத்தை வாசித்துத் தரும்படி கேட்டுப் பாருங்கள்.

நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. மூன்று மணிக்கு எழுந்தால்தான் வேலை ஓடும். காலை ஜெபத்துக்கு நேரமே இல்லை. இரவு குடும்ப ஜெபத்தில் தூங்கி விழுகிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குற்ற உணர்வாக இருக்கிறது.
- வாசகர், குலசேகரம்

விடியற்காலை ஜெபம்தான் ஜெபம் என்று எந்தக் கட்டளையும் இல்லை. சங்கீதம் 55:17 அந்தியையும் சந்தியையும் மத்தியானத்தையும் ஒன்றாகச் சொல்கிறது. ஆதிச் சபையின் "திதாகே" என்ற சிறு நூல் கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி சொல்கிறது, மணி எதுவும் குறிக்கவில்லை. கத்தோலிக்க வீடுகளில் சொல்லும் மூவேளைச் செபத்துக்கும் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான்.

உங்கள் வேலையிலேயே ஒரு நல்ல நேரம் ஒளிந்திருக்கிறது. வெட்டி முடித்த பிறகு சிரட்டையில் பால் சொட்டி நிற்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கட்டஞ்சாயா குடித்து, கத்தியைத் தீட்டி, பால் எடுக்கப் புறப்படும் முன் பத்து நிமிடம். தோட்டத்தில் அப்போது சத்தம் இருக்காது. தினமும் ஒரே மரத்தடியில் உட்காருங்கள். இடம் பழகிவிட்டால் மனம் சீக்கிரம் அடங்கும். போனை வாளிப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். முதலில் ஒரு சங்கீதம். மனப்பாடமாகத் தெரிந்த 23 அல்லது 121 போதும். பிறகு இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். பிறகு மூன்று பேரைப் பெயர் சொல்லி நினையுங்கள்: வீட்டில் ஒருவர், ஊரில் ஒருவர், மனத்தாங்கல் உள்ள ஒருவர். கடைசியாகக் கர்த்தருடைய ஜெபத்தை வரிவரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு விட்டுச் சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் எண்ணம் ஓடும். எந்த மரத்தில் பட்டை கெட்டிருக்கிறது, ஒட்டுப்பாலுக்கு என்ன விலை என்றெல்லாம் வரும். அதை விரட்டப் பாடுபட வேண்டாம். வந்த கவலையையே அடுத்த வாக்கியமாக ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

குடும்ப ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றுங்கள். வயிறு நிறைந்த பிறகு மூன்று மணிக்கு எழுந்த எவருக்கும் கண் சொக்கத்தான் செய்யும். ஒரு பாட்டு, பத்து வசனம், ஒருவர் ஜெபம், மொத்தம் பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். வாசிப்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குரல் கொடுக்கிறவருக்குத் தூக்கம் வராது.

மார்த்தாண்டத்தில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த வீட்டில் மலையாளம், லத்தீன் கத்தோலிக்கர்கள். தினமும் ஏழு மணிக்குச் சந்தியா பிரார்த்தனை, ஜெபமாலை. வார்த்தை பாதி பிடிபடவில்லை. "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்ற வசனமும் உறுத்துகிறது. எழுந்து போய்விடலாமா?
- வாசகி, பாறசாலை

எழுந்து போகாதீர்கள் மகளே. போனால் அந்த வீட்டில் அது ஜெபத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது, உங்களைப் பற்றிய பேச்சாகிவிடும்.

ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்வது தானாகவே வீண்வார்த்தை ஆகிவிடாது. கெத்செமனேயில் இயேசு மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). 136-ம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் ஒரே பல்லவி வருகிறது. அதிக வார்த்தையால் தேவனை வளைக்கலாம் என்ற நினைப்பைத்தான் மத்தேயு 6:7 கண்டிக்கிறது. ஜெபமாலையில் வரும் மரியாள் வாழ்த்தின் முதல் பாதி லூக்கா 1-ல் தூதனும் எலிசபெத்தும் சொன்ன வார்த்தைகள். அதுவரை நீங்களும் சேர்ந்து சொல்லலாம். பின்பாதி உங்கள் மனச்சாட்சிக்கு ஒப்பவில்லையென்றால் வாயைத் திறக்காமல், ஜெபமாலையின் ஒவ்வொரு பத்து மணிக்கும் உரிய நிகழ்ச்சியை நினைத்தபடி அமைதியாக இருங்கள். வாய் மூடியிருப்பதை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். முகம் சுளிப்பதைத்தான் கவனிப்பார்கள்.

மொழிக் கேள்வி இதைவிடக் கனமானது. புரியாத ஸ்தோத்திரத்துக்கு ஒருவன் எப்படி ஆமென் சொல்வான் என்று பவுல் கேட்கிறார் (1 கொரிந்தியர் 14:16). அத்தையிடம் இரண்டே சலுகை கேளுங்கள். ஒன்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேதவாசிப்பைத் தமிழில் நீங்கள் வாசிக்க வேண்டும். முந்தின நாளே அதிகாரத்தைச் சொல்லிவிட்டால் அவர்கள் மலையாள வேதாகமத்தில் தொடர்ந்து வருவார்கள். இன்னொன்று, கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொல்வது. வரியின் நீளம் மொழிக்கு மொழி மாறுவதால் முதல் நாள் குழம்பும். வரி முடிந்ததும் எல்லோரும் நின்று, சேர்ந்து அடுத்த வரியைத் தொடங்கினால் மூன்றாம் நாள் சரியாகிவிடும். தீமையிலிருந்து காக்கும்படி கேட்கும் வரியோடு அவர்கள் முடித்துவிடுவார்கள். "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று நீங்கள் மட்டும் தனிக்குரலில் ஓடிவிட வேண்டாம். திருப்பலியில் அவர்களும் அந்தத் துதியைச் சொல்கிறார்கள், நடுவில் குருவின் செபம் ஒன்று வந்த பிறகு. மத்தேயுவின் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அது இல்லை, லூக்கா 11-லும் இல்லை. விட்டுவிட்டால் ஜெபம் குறைப்பட்டுவிடாது.

தனி ஜெபத்தை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள். அழுகை வரும்போது எந்த மொழி வருகிறதோ அந்த மொழியில் பேச ஓர் இடம் உங்களுக்கு வேண்டும்.

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு சகோதரி தொடங்கினால் முடிப்பதே இல்லை. எழுதிவைத்து ஜெபிக்கலாமா?
- வாசகி, வெள்ளறடை

தாராளமாக எழுதுங்கள். ஆராதனை முறைப் புத்தகத்தில் உள்ள அத்தனை ஜெபமும் யாரோ எழுதிவைத்ததுதானே. அதில் ஞாயிறுதோறும் வரும் குட்டி ஜெபங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து அடுக்கு இருக்கும். தேவனை அழைப்பது, அவர் செய்த ஒன்றைச் சொல்வது, ஒரே ஒரு விண்ணப்பம், அது எதற்காக என்பது, கிறிஸ்துவின் மூலமாகக் கேட்டு முடிப்பது. "பிதாவே, வனாந்தரத்தில் உம்முடைய ஜனத்துக்குத் தண்ணீர் கொடுத்தீர். வறண்டு கிடக்கும் எங்கள் ஊருக்கு மழை தாரும், பயிரும் பிள்ளைகளும் வாடாதிருக்க. இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், ஆமென்." இது முழு ஜெபம். இதைப்போல் மூன்று எழுதினால் நோட்டில் ஒரு பக்கம் வரும். அதற்கு மேல் வேண்டாம்.

"நான்" என்று வருகிற இடத்தையெல்லாம் "நாங்கள்" ஆக்குங்கள். நீங்கள் அப்போது எல்லோருக்காகவும் பேசுகிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களுக்குப் பிரசங்கம் செய்வதும் அடிக்கடி நடக்கிறது: "ஆண்டவரே, சிலர் கூட்டத்துக்குப் பிந்தி வருகிறார்களே!" அதை அறிவிப்பில் சொல்லலாம், ஜெபத்தில் சொல்லக்கூடாது. வாக்கியத்துக்கு வாக்கியம் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று வருவது அடுத்த வார்த்தையைத் தேடும் பதற்றம். அங்கே பேசாமல் ஒரு மூச்சு எடுங்கள். ஒரு மூச்சு நேர அமைதி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். முடிக்கும் வரியில் குரலை விழுங்கினால் எங்கே ஆமென் சொல்வது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே அந்த வரியை மட்டும் கொஞ்சம் நிதானமாக, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

முடிக்காத சகோதரிக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுத்து ஜெபிக்கச் சொல்லுங்கள். "மழைக்காக மட்டும் அக்கா" என்றால் ஓரளவு கட்டுப்படும்.

என் மகளின் குடும்பப் பிரச்சினையை ஜெபக்குறிப்பாக ஒருவரிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் பெயரோடு வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் வந்துவிட்டது. மகள் என்னோடு பேசுவதில்லை.
- வாசகி, பனச்சமூடு

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்தபோது மனது கனத்துவிட்டது. இதுபோல் நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஜெபம் என்ற பெயரில் புறங்கூறுதல் நடந்தாலும் அது புறங்கூறுதல்தான். இங்கே எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

முதலில் மகளிடம் போங்கள். "அவள்தான் பரப்பினாள்" என்று தொடங்காதீர்கள். அவளைக் கேட்காமல் சொன்னது உங்கள் தப்பு என்று மட்டும் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அடுத்து, பதிவிட்டவரைத் தனியே நேரில் பாருங்கள். மத்தேயு 18:15 காட்டும் வழி அது. செய்தியை அழிக்கச் சொல்லுங்கள், குழுவை நடத்துகிறவரிடமும் சொல்லுங்கள். குழுவிலேயே விளக்கம் எழுதினால் பார்க்காதவர்களும் மேலே தேடிப் பார்ப்பார்கள்.

இனி ஜெபக்குறிப்பு கொடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருடைய விஷயம், அவர் சம்மதித்தாரா? சம்மதம் இல்லையென்றால் "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குச் சமாதானம் வேண்டும்" என்பதோடு நிறுத்துங்கள். பெயரும் நோயும் கடனும் தேவனுக்கு ஏற்கெனவே தெரியும், சபைக்குத் தெரிய வேண்டியதில்லை. அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தாள், சத்தம் கேட்கவில்லை (1 சாமுவேல் 1:13). ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தான். கடைசியில் அவள் துக்கத்தின் விவரம் கேட்காமலேயே அவளை ஆசீர்வதித்து அனுப்பினான்.

இன்னொன்று. மகளின் பிரச்சினை அடி உதையாக இருந்தால் ஜெபத்தோடு நிற்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. அந்த எண்ணில் பேச மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

இரவு ஜெபத்துக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டலாமா? பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்.
- வாசகர், அருமனை

எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் கட்டக்கூடாது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. சென்னையைச் சேர்ந்த ஒரு சபையின் வழக்கில், மற்றவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றமே அதே ஆண்டு சொல்லிவிட்டது. நாற்பது பேர் உட்காரும் ஹாலுக்கு ஒரு சின்னப் பெட்டி ஒலிபெருக்கி போதும். அதை வாசலைப் பார்த்து வைக்காமல் உள்சுவரைப் பார்த்து வைத்து, ரோட்டில் நின்று ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். வார்த்தை புரிகிற அளவுக்குக் கேட்டால் இன்னும் குறையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் பக்கத்து வீட்டாரிடம் போய், எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன மணிக்கு முடித்துவிடுங்கள்.