ஞானஸ்நானம் பெற்றவர்கள் சபையில் நிலைத்திருக்கச் செய்வது எப்படி?

பினாங்கிலுள்ள உங்கள் தமிழ்ச் சபையில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் சில மாதங்களில் வராமற்போவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஞானஸ்நானத்தையே முடிவாகக் கருதிவிடுவதுதான் முதற்காரணம் என்பது என் கணிப்பு. அப்போஸ்தலர் 2:42 உபதேசத்தோடு ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகியவற்றையும் சேர்த்தே கூறுகிறது. நாமோ உபதேச வகுப்போடு நிறுத்திக்கொள்கிறோம். பெரியவர்களைத் திருச்சபையில் சேர்ப்பதற்குக் கத்தோலிக்கர் 1972-இல் புதுப்பித்த முறையில், பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்ற பின்னும் பயிற்சி தொடர்கிறது.

உங்கள் ஊர் பாயான் லெப்பாஸ் பகுதியில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவருக்கு ஞாயிறு காலை ஆராதனை எல்லா வாரமும் வாய்க்காது. அதைப் பின்மாற்றம் (விசுவாசத்தைவிட்டு விலகுதல்) என்று எண்ணுவதற்கு முன், வார நாளில் அவர் வீட்டருகே கூடும் சிறு குழுவில் சேர்த்து, மூத்த விசுவாசி ஒருவரைத் துணையாக நியமியுங்கள். போதகர் ஒருவரே எல்லாரையும் விசாரிப்பது நடவாத காரியம்.

இதைவிடக் கடினமானது குடும்பம். இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு, தந்தைக்குக் கொள்ளி வைப்பதா, தீபாவளியன்று தாய்வீட்டில் உண்பதா என்பவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. அவற்றைப் பொறுமையாகப் பேசாமல் உறவை அறுத்துக்கொள்ளச் சொல்லும் சபை, அவரை இரு வீட்டுக்கும் அந்நியராக்கிவிடும். போதகர் அவருடைய பெற்றோரை மரியாதையுடன் சென்று காண்பது, பத்து வகுப்புகளைவிடப் பயன் தரும்.

நாற்காலி அடுக்குவதோ, ஆராதனைக்குப் பின் தேநீர் பரிமாறுவதோ, சிறு பொறுப்பொன்றை முதல் மாதத்திலேயே கொடுங்கள். தலைமைப் பொறுப்புக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். கண்காணி, அதாவது சபையை மேற்பார்வை செய்பவர், புதிய சீடனாக இருக்கலாகாது என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது.