நிற்காத சூரை, ஆறாத சூடு: கேள்வி பதில்

கே: சூரை மீன் நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடுமா, சார்?

ப: செத்துவிடும். பாறை மீன்கள் வாயையும் செவுள்மூடியையும் அசைத்துத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சூரை வாயைத் திறந்தபடி முன்னே பாய்ந்தால்தான் செவுளில் நீர் ஓடும். வரிச்சூரை என்ற வகைக்கு மிதக்க உதவும் காற்றுப்பையும் கிடையாது; நின்றால் மூச்சும் போகும், உடம்பும் கீழே இறங்கும்.

கே: மீன்கள் குளிர் ரத்தப் பிராணிகள் என்றுதானே படித்தோம்?

ப: பெரும்பாலானவை அப்படித்தான். நீந்தும்போது தசையில் சூடு பிறக்கிறது. அந்த ரத்தம் செவுளுக்கு வந்ததும் கடல்நீர் சூட்டை உறிஞ்சிவிடும். சூரையில் அதற்கு ஒரு தடுப்பு உண்டு. தசையிலிருந்து திரும்பும் சிரைகளும் தசைக்குப் போகும் தமனிகளும் மயிரிழைகளாகப் பிரிந்து, பக்கம்பக்கமாக எதிரெதிர் திசையில் ஓடுகின்றன. திரும்பும் ரத்தத்தின் சூடு குளிர்ந்த ரத்தத்துக்கு மாறி மறுபடி தசைக்கே போய்விடுகிறது. வரிச்சூரையின் உடம்பு சுற்றியுள்ள நீரைவிடச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் டேவி 1835லேயே எழுதினார். சூடான தசை வேகமாகச் சுருங்கும். நடுக்கடலில் ஒளிய இடமில்லை. இரையைத் துரத்தித்தான் பிடிக்க வேண்டும்.

இதே சூடுதான் பிடித்த பிறகு எமன். உடனே மார்புத் துடுப்புக்குப் பின்னால் இருபுறமும் கீறி ரத்தத்தை வடியுங்கள், குடலை எடுங்கள், ஐஸும் கடல்நீரும் கலந்த கரைசலில் முழுக்க அமிழ்த்துங்கள். வயிற்றுக்குள்ளும் ஐஸ் வேண்டும். வெளியே சில்லென்றிருந்தாலும் முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புச் சதை சூடாகவே இருக்கும். அங்கே பாக்டீரியாக்கள் சதையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை, உடம்புக்கு ஒவ்வாத ஹிஸ்டமினாக மாற்றும்.

கே: சூரையை வெப்ப ரத்தப் பிராணி என்கிறார்களே, அது தவறு. சூரையின் இதயம் கடல்நீர் அளவுக்குத்தானே குளிர்ந்திருக்கிறது?

ப: இதயத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதனால்தான் பெருங்கண் சூரை குளிர்ந்த ஆழத்தில் இரை தேடிவிட்டு அடிக்கடி மேலே வந்து சூடேறிக்கொள்கிறது. ஆனால் ஓபா மீனைப் பாருங்கள். அதற்குச் சூட்டை மாற்றித் தரும் இந்த ரத்த நாள வலை செவுளுக்குள்ளேயே இருக்கிறது. இதயமும் சூடாக இருக்கும். உடம்பு சுற்றுநீரைவிடச் சுமார் 5 டிகிரி கூடுதல். இதை ஆய்வாளர் நிக்கோலஸ் வெக்னர் குழு 2015இல் வெளியிட்டது.

கே: இருந்தாலும் நம்மைப்போல நிலையான 37 டிகிரி இல்லையே?

ப: இல்லை. நிலையாக வைத்திருப்பது வேறு, சூட்டை உண்டாக்கித் தக்கவைப்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால்தான் இந்த வாதமே வருகிறது. சூரையிடம் இருப்பது இரண்டாவது.

கே: அப்படியானால் சுறாவும் நின்றால் செத்துவிடுமா?

ப: எல்லாச் சுறாவும் அல்ல. செவிலிச் சுறா தரையில் படுத்தபடியே செவுளுக்கு நீரை இழுக்கும். நிற்காமல் நீந்தியே மூச்சுவிடும் சுறாக்களுக்கு முதல் பதில் பொருந்தும்.

கே: முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. ஏன்?

ப: மேலிருந்து பார்த்தால் ஆழத்தின் இருட்டோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தோடும் கலந்துவிடும்.

கே: ஜெல்லிமீன் கொட்டினால் என்ன மருந்து?

ப: மருத்துவரைக் கேளுங்கள்.

கே: சூரையை நன்றாகப் பொரித்தால் அந்த ஹிஸ்டமின் போய்விடுமா?

ப: போகாது. பொரித்தாலும், குழம்பு வைத்தாலும், டின்னில் அடைத்தாலும் அப்படியே இருக்கும். முகம் சிவந்து, அரிப்பும் படபடப்பும் வரும். ஐஸ் விஷயத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

கே: பிடித்து எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் வைக்கலாம்?

ப: வைக்காதீர்கள்.