வாசகர் கேள்வி – பதில்: ஜார்ஜ் டவுனை நடந்தே பார்க்கலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் எழுபது வயதை நெருங்கும் என் மாமியாரையும் அழைத்துக்கொண்டு பினாங்கு செல்லவிருக்கிறோம். ஜார்ஜ் டவுனின் பழைய வீதிகளை வழிகாட்டியுடன் நடந்து பார்ப்பது பயன் தருமா? தமிழர் வரலாறு அதில் இடம்பெறுமா?
– வாசகி, ஈப்போ

பதில்: தாராளமாகச் செல்லுங்கள், அம்மா. ஆனால் முன்பதிவு செய்யும்போதே, தமிழர் வாழ்ந்த வீதிகளையே முதன்மையாகக் காட்ட வேண்டும் என்று உரிமம் பெற்ற வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சுவரோவியங்களிலும் சீனர்களின் குலமனைகளிலும் (ஒரே குலத்தார் கூடி வழிபடும் மனைகள்) காலைப்பொழுது கழிந்துவிடும். அவையும் காணத்தக்கவையே என்றாலும், நம் பிள்ளைகள் நம் கதையைக் கேளாமல் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் 1786இல் இத்தீவில் இறங்கிய பின் வகுக்கப்பட்ட முதல் வீதிகளில் ஒன்றுக்கே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் 'சூலியா' என்ற பெயர் இருக்கிறது.

குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் ஆலயத்தில் தொடங்குங்கள். 1833இல் எழுந்த இதுவே பினாங்கின் மிகப் பழமையான இந்து ஆலயம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதாலும் வெயில் ஏறிவிடும் என்பதாலும் காலை எட்டு மணிக்கே அங்கு இருப்பது நல்லது. அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வரும். இந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மொய்தீன் 1801இல் நிறுவியது அது. பெயரிலுள்ள 'கெலிங்' என்ற சொல்லைப் பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் விளக்குங்கள்: கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்து, ஒரு காலத்தில் இந்தியரைப் பொதுவாகக் குறித்த அச்சொல், இன்று நம்மைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரம் என்பதால் அன்று அந்த வேளையைத் தவிர்த்துவிடுங்கள்.

சூலியா ஸ்ட்ரீட் முனையிலுள்ள நாகூர் தர்காவில் சற்று நின்று பாருங்கள். சிறிய கட்டடம், அதன் வெளிச்சுவரை ஒட்டியே சின்னஞ்சிறு கடைகள். உள்ளே யாரும் அடக்கம் செய்யப்படவில்லை. கடல் கடந்து வந்தவர்கள், தங்களைக் காத்ததாக நம்பிய நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பிய இடம் அது. முன்பின் அறியாத கரையில் இறங்கியவர்கள் தங்கள் ஊரையே உடன் கொண்டுவந்தது போல் எனக்குத் தோன்றும்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை நிழலானதுதான், ஆனால் சமதளமானதன்று. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் திடீரென ஒரு படி ஏறும், இறங்கும், சில இடங்களில் மோட்டார் சைக்கிள்கள் வழிமறித்து நிற்கும். ஆகவே அவருடைய கையை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். கழற்றி மாட்ட எளிதான, வழுக்காத காலணி போதும்.

நடையைப் பினாங்கு ஸ்ட்ரீட்டில், நகரத்தார் கோவில் வீட்டின் முன் முடியுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் வெள்ளி இரதம், அவர் கோவில் உள்ள தண்ணீர்மலைக்குப் புறப்படுவது அங்கிருந்துதான். அக்கம்பக்கத்திலேயே நம்மவர் உணவகங்கள் இருப்பதால், மாமியார் அமர்ந்து தேநீர் அருந்தியபடியே தம் காலத்துத் தைப்பூசத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.