ரேடியேட்டரை நகத்தலாமா? கார் கேள்வி பதில்

கேள்வி: வணக்கங்ணா. என்கிட்ட 2013 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்குதுங்க. கோல்டு ஏர் இன்டேக் (வெளியில இருக்கற குளிர்ந்த காத்தை இன்ஜினுக்கு கொண்டு வர்ற பைப்) போடலாம்னு மூணு இன்ச் அலுமினியம் பைப்பும் கோன் ஃபில்டரும் வாங்கி வெச்சுட்டேன், ஆனா பைப்பை கிரில் பக்கம் கொண்டு போக எடமே இல்லீங்ணா. ஒர்க்‌ஷாப்ல கேட்டா ரேடியேட்டரை ரெண்டு இன்ச் கீழ எறக்கி கொஞ்சம் முன்னாடி சாய்ச்சுட்டா பைப் மேல போயிரும், கீழ ரேடியேட்டரை தாங்கற மெம்பரை (குறுக்கு சட்டத்தை) மட்டும் லேசா வெட்டணும்ங்கறாங்க. செய்யலாங்களா? பவர் எவ்வளவு ஏறும்? *(வாசகர், பீளமேடு)*

பதில்: தம்பி, வேணாம். ஒரே வார்த்தையில முடிச்சா உங்களுக்கு கோவம் வரும், அதனால கணக்கோட சொல்றேன்.

உங்க 1.2 இன்ஜின் கம்பெனில இருந்து வரும்போதே 86 குதிரைசக்தி பக்கம். இப்ப இன்ஜின் இழுக்கற காத்து 55 டிகிரில இருக்குன்னு வெச்சுக்குங்க, நீங்க பைப் போட்டு அதை 40க்கு கொண்டு வந்துட்டீங்க. காத்தோட அடர்த்தி ஏறறது அஞ்சு சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. பேப்பர்ல நாலு குதிரை, நிஜத்துல அதுல பாதி கெடச்சா பெரிய விஷயம். அதுவும் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சாத்தான். அதுலயும் ஒரு சிக்கல் என்னன்னா கம்பெனி ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் உக்கார்ற டப்பா) சும்மா சூடான காத்தை குடிச்சுட்டு இருக்கல, பெரும்பாலான கார்ல அதோட மூக்கு முன்பக்கமாத்தான் இருக்கும், வண்டி ஓடும்போது ஓரளவுக்கு வெளிக்காத்துதான் உள்ள போகுது. நம்பலைன்னா வண்டி சென்சார் ரீடிங்கை ஃபோன்ல காட்டற ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் ஒண்ணு மாட்டி எல் அண்ட் டி பைபாஸ்ல 80ல போய்க்கிட்டே இன்டேக் டெம்பரேச்சரை பக்கத்துல இருக்கறவங்களை பாக்கச் சொல்லுங்க. வெளி வெயிலை விட அஞ்சாறு டிகிரிதான் கூடன்னா இந்த பைப்பால உங்களுக்கு கெடைக்கப்போறது சத்தம் மட்டும்தான். (சத்தத்துக்காகத்தான் போடறேன்னா அதுவும் ஒரு காரணம்தான், ஆனா அதுக்கு ரேடியேட்டர் மேல கை வெக்க வேண்டியதில்ல.) சிக்னல்ல நிக்கும்போது ரீடிங் ஜிவ்வுனு ஏறத்தான் செய்யும், அதைப் பாத்து பயப்படாதீங்க, நிக்கற வண்டிக்கு எதுக்கு பவர்?

இப்ப ரேடியேட்டர் விஷயம். நீங்க போடற பெட்ரோல்ல இருக்கற சக்தியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூலன்ட் வழியா ரேடியேட்டருக்குத்தான் வந்து சேருது. ரெண்டு இன்ச் எறக்கறதுல என்ன ஆயிடப்போகுதுன்னு தோணும், ஆனா ஆகும். கூலன்ட்ல மாட்டற காத்து எப்பவும் மேல ஏறி உசரமான எடத்துல போய் நிக்கும், அந்த உசரமான எடம் ரேடியேட்டர் மூடியா இருந்தா காத்து வெளிய போயிரும், ரேடியேட்டரை எறக்கிட்டீங்கன்னா அந்த உசரமான எடம் இன்ஜினோட மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டா மாறிடலாம். அலுமினியம் ஹெட்டுக்குள்ள காத்து குமிழி உக்காந்துச்சுன்னா அங்க மட்டும் கொதிக்கும், சென்சார் அந்த குமிழிக்குள்ள மாட்டிச்சுன்னா ரீடிங் கம்மியா காட்டும், நீங்க நிம்மதியா ஓட்டிட்டு இருப்பீங்க, ஹெட் கேஸ்கெட் போனப்புறம்தான் தெரியும். அப்புறம் ஹெட்டை கழட்டி ஃபேசிங் போடற (தேய்ச்சு மட்டம் பண்ற) செலவுக்கு நீங்க வாங்கின பைப் மாதிரி எத்தனையோ வாங்கலாம்.

அது மட்டுமில்ல. ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசி கன்டென்சர் ஒட்டிக்கிட்டு இருக்கு, இதை சாய்ச்சா அதையும் சாய்க்கணும், ஏசி பைப்பை மாத்தணும்னா கேஸை எடுத்துட்டு திரும்ப ஃபில் பண்ணணும். ஃபேன் ஷ்ரவுட்டை (ஃபேனைச் சுத்தி இருக்கற கூட்டை) எடம் பத்தாதுன்னு கழட்டி போட்டுட்டு ஃபேனை மட்டும் நேரா கோர்ல கட்டி விடறவங்க இருக்காங்க, அப்ப ஃபேன் வட்டம் எவ்வளவோ அந்த எடத்துல மட்டும்தான் காத்து இழுக்கும், நாலு மூலையும் சும்மா கெடக்கும். சைடுல கேப் விட்டா வர்ற காத்து ரேடியேட்டருக்குள்ள புகாம சுலபமான வழியில ஓரமா ஓடிரும், கம்பெனி அங்க ரப்பர், ஸ்பான்ஜ் பட்டை எல்லாம் ஒட்டி வெச்சிருக்கறது அழகுக்கு இல்ல.

ரேஸ்ல எல்லாம் மாத்தறாங்களேன்னு கேப்பீங்க. மாத்தறாங்க. 1970ல லோட்டஸ் 72 ஃபார்முலா ஒன் காரு மூக்குல இருந்த ரேடியேட்டரை எடுத்து ரெண்டு பக்கவாட்டுலயும் வெச்சு வந்துச்சு, மூக்கை ஆப்பு மாதிரி கூராக்கவும் எடையை பின்னாடி தள்ளவும்தான் அது, அதுக்கு காரையே முதல்ல இருந்து புதுசா வரைஞ்சாங்க. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 வெச்சிருக்கறவங்க ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் (டர்போல இருந்து வர்ற காத்தை குளுத்தறது) வி மாதிரி சாய்ச்சு வெப்பாங்க, டர்போ வண்டி, ரெண்டுக்கும் நல்ல காத்து வேணும்னு செய்யறது, தனித்தனியா தகடு அடிச்சு டக்ட் கட்டுவாங்க. உங்களுது டர்போ இல்லாத 1.2, அந்த வேலைக்கெல்லாம் இதுல அவசியமே கெடையாது.

அப்ப என்ன செய்யலாம்? கம்பெனி ஏர் பாக்ஸை அப்படியே விடுங்க, அதோட மூக்குல இருந்து ஹெட்லைட் ஓரமாவோ ஃபெண்டர் உள்பக்கமாவோ வளையற டக்ட் ஒண்ணு இழுங்க, நல்ல பேனல் ஃபில்டர் போடுங்க. எடம் பத்தலைன்னா நகத்த வேண்டியது பேட்டரியை. சின்ன சைஸ் பேட்டரி மாத்துனாலே கை நொழையற எடம் கெடைக்கும், டிக்கிக்கு கொண்டு போறதுன்னா தடிமனான கேபிள், பேட்டரி டெர்மினல் பக்கத்துலயே பெரிய ஃபியூஸ், இது ரெண்டும் இல்லாம தொடாதீங்க. பைப்பை வாங்கிட்டீங்களேன்னு அதுக்காக வண்டியை வெட்டாதீங்க, பைப்பை ஓஎல்எக்ஸ்ல போட்டுருங்க.

மெம்பரை "லேசா" வெட்டறதுன்னு ஒண்ணு கெடையாது. முன்னாடி இடிச்சா அடியை வாங்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, அப்புறம் 2019 திருத்தத்துல வந்த 182ஏ, ரெண்டும் அனுமதி இல்லாம வண்டியை மாத்தறதைப் பத்தித்தான் பேசுது, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டுமோ போட முடியும். இன்சூரன்ஸ் சர்வேயர் வெல்டிங் தழும்பைப் பாத்தா கேக்கற கேள்வி தனி.

இவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேன்னா, வெட்டறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் அளவுக்கு அட்டையை வெட்டி வெச்சுப் பாருங்க, போனட் மூடுதான்னு பாருங்க. வேலை முடிஞ்சதும் வண்டி மூக்கை ஏத்தத்துல நிறுத்தி, ஹீட்டரை ஃபுல் சூட்டுல வெச்சு, குமிழி வர்றது நிக்கற வரைக்கும் காத்து எடுங்க. (மூடியை இன்ஜின் குளுந்து இருக்கும்போதே திறந்துக்குங்க, சூட்டுல உள்ள ஒரு பார் பிரஷர் இருக்கும், தண்ணி 120 டிகிரி பக்கத்துல கொதிக்காம நிக்கும், திறந்த நொடி மூஞ்சியில அடிக்கும்.) ஃபேன் ஓடும்போது ஏ4 பேப்பரை கன்டென்சர் முன்னாடி நாலு மூலையிலயும் காட்டுங்க, ஒட்டிக்கிச்சுன்னா சரி, நழுவி விழற மூலையில காத்து போகலைன்னு அர்த்தம். அப்புறம் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ஏசி போட்டுக்கிட்டு நாலு பேரோட ஏறுங்க. ரெண்டாவது கியர், மெதுவான வேகம், முன்னாடி லாரி, எதிர்காத்து கெடையாது. அங்க கூலன்ட் டெம்பரேச்சர் ஒரே எடத்துல நின்னாத்தான் பாஸ்.

கேள்வி: ஃபில்டரை பம்பருக்கு கீழ வெச்சா இன்னும் குளிர்ச்சியான காத்து கிடைக்கும்னு சொல்றாங்களே சார்? *(வாசகர், வேளச்சேரி)*

பதில்: வேளச்சேரில இருந்துக்கிட்டு இதை கேக்கறீங்க பாருங்க! 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல் அப்பவும் உங்க ஏரியால வண்டிங்க நின்ன கோலம் ஞாபகம் இருக்கும்ல. ஃபில்டர் தண்ணில முங்குச்சுன்னா இன்ஜின் தண்ணியை இழுக்கும், பிஸ்டன் மேல வரும்போது தண்ணி சுருங்காது, கனெக்டிங் ராடு வளையும். சாதாரண பாலிசில இது பொதுவா வராது, இன்ஜின் ப்ரொடெக்ட்னு தனியா எடுத்திருக்கணும். தண்ணிக்குள்ள வண்டி ஆஃப் ஆச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளி வெளிய கொண்டு வந்து ஸ்பார்க் பிளக்கை கழட்டி தண்ணியை வெளியேத்தினப்புறம்தான் மத்தது. ஃபில்டர் ஹெட்லைட் உசரத்துக்கு கீழ வேணாம்.

கேள்வி: கழுவி ஆயில் தடவி திரும்ப போடற ஏர் ஃபில்டர் போட்டேன், ரெண்டாவது தடவை கழுவினதுல இருந்து மைலேஜ் கொறைஞ்சிருச்சு, ஏன்? *(வாசகர், திண்டுக்கல்)*

பதில்: ஆயிலை தாராளமா ஊத்திட்டீங்கன்னு நெனக்கறேன். உங்க வண்டில பைப்புக்குள்ள மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தா அந்த ஆயில் மெல்லிய கம்பி மேல படிஞ்சு, போற காத்தை தப்பா அளந்து காட்டும், இசியு (இன்ஜினோட கம்ப்யூட்டர்) அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோலையும் தப்பா விடும். அதுக்குன்னே விக்கற சென்சார் க்ளீனர் ஸ்பிரே அடிச்சு நல்லா காய விடுங்க, துணியால தொடைக்காதீங்க, கம்பி அறுந்துரும். ஃபில்டர்ல அடுத்த தடவை மடிப்புக்கு ஒரு கோடு ஆயில் போதும், ராத்திரி முழுக்க ஊற விட்டு காலைல மாட்டுங்க.