ஒரே நோயாளர் பதிவேடு: இங்கிலாந்து வாசகர்களின் கேள்விகளும் ஒரு மருந்தாளரின் பதில்களும்

மருத்துவமனையில் சேரும் ஒவ்வொருவரும் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் பல வருடமாக என் காலை வேலை. ஒருவரின் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) விவரங்களையும் மருத்துவமனை விவரங்களையும் ஒரே இடத்தில் காட்டுவதற்காக, அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். சட்டத்தின் மூலம் கொண்டுவரப்போகும் ஒரே நோயாளர் பதிவேடு பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எல்லாம் என்.எச்.எஸ். தானே? ஜி.பி.யிடம் இருப்பது ஆஸ்பத்திரிக்கு ஏன் தெரிவதில்லை?

பெயர்தான் ஒன்று. ஜி.பி. மையங்கள் 1948-இலிருந்தே பெரும்பாலும் தனி ஒப்பந்தத்தில் நடக்கின்றன. மருத்துவமனைகளை நடத்தும் டிரஸ்டுகள் ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருக்கின்றன. இப்போது பொதுவாக எங்கள் கைக்கு எட்டுவது 'சம்மரி கேர் ரெக்கார்ட்': மருந்துகள், ஒவ்வாமைகள், இன்னும் சில விவரங்கள். போன மாதம் வேறு மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனை அதில் பார்க்க முடியாது.

இந்தப் பதிவேட்டுக்கு எதற்குச் சட்டம்? நல்ல கணினி வாங்கினால் போதாதா?

வாங்கிப் பார்த்தார்கள். 2002-இல் தொடங்கிய தேசியக் கணினித் திட்டம் கிட்டத்தட்ட 1,000 கோடி பவுண்டை விழுங்கியது. 2011-இல் அதைக் கலைப்பதாக அரசே அறிவித்தது. மேலிருந்து இறக்கிய கணினியை வார்டில் இருப்பவர்கள் ஏற்கவில்லை.

அப்புறம்தான் சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். சிகிச்சைக்காகத் தகவலைப் பகிர்வது 2015 சட்டத்தில் கடமையானது. தகவலை எல்லோரும் ஒரே முறையில் பதிவதற்கான தரநிலைகளை 2022 சட்டம் கட்டாயமாக்க வழி செய்தது. 2025-இன் தரவுச் சட்டம் அந்தத் தரநிலைகளை மென்பொருள் நிறுவனங்களுக்கும் விரித்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி மாற்றம். ஒரு மென்பொருளில் பென்சிலின் ஒவ்வாமை குறியீடாகப் பதிவாகியிருக்கும்; இன்னொன்றில் கடிதத்தின் நடுவே ஒரு வாக்கியமாகக் கிடக்கும். குறியீடாக இருந்தால், மருத்துவர் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதும்போது திரை தடுக்கும். வாக்கியமாக இருந்தால் தடுக்காது.

'என்.எச்.எஸ். இங்கிலாந்து' என்ற நிர்வாக அமைப்பைக் கலைப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நிர்வாக மாற்றம்; 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். பதிவேடு பற்றிய அறிவிப்பு வந்தது அதே ஆண்டு ஜூலையில் வெளியான அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டத்தில். 2028 முதல் என்.எச்.எஸ். ஆப்பிலேயே பார்க்கலாம் என்பது வாக்குறுதி. இரண்டுக்கும் சட்டம் தேவை, அவ்வளவுதான்.

நான் இருப்பது கிளாஸ்கோவில்.

ஸ்காட்லாந்தின் சுகாதாரச் சேவை தனி. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

அகதி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். என் விவரம் குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸுக்குப் போகுமா? பயந்து ஜி.பி.யிடமே போகவில்லை.

தம்பி, முதலில் போய்ப் பதியுங்கள். ஜி.பி.யிடம் பதிய விசா நிலையோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை.

உங்கள் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். குடிவரவுத் தேடலுக்காக நோயாளர் முகவரிகளை ஹோம் ஆபீஸுக்குத் தர 2017-இல் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நாடாளுமன்றச் சுகாதாரக் குழு கடுமையாக எதிர்த்தது. 2018 மே மாதம் அரசு பின்வாங்கியது. ஒப்பந்தத்தில் வருவது ஒப்பந்தத்தில் போகும், நாளை திரும்பியும் வரலாம். அதனால் பதிவேட்டுக்கான சட்டத்திலேயே இந்தக் கதவைப் பூட்ட வேண்டும். உங்கள் எம்.பி.க்கு எழுத வேண்டியது இதைத்தான்.

ஆராய்ச்சிக்குத் தரவு கொடுப்பதை மறுக்கலாமா?

மறுக்கலாம். 2018 முதல் அதற்குத் தேசிய அளவில் ஒரு தெரிவு உண்டு, ஆப்பிலேயே மாற்றலாம். உங்கள் சொந்தச் சிகிச்சைக்கான பகிர்வை அது தொடாது. ஜி.பி. பதிவுகளை ஆராய்ச்சி போன்றவற்றுக்காக ஒரே இடத்தில் திரட்டவிருந்த 'கேர்.டேட்டா' திட்டம் 2016-இல் கைவிடப்பட்டதற்குக் காரணம் மக்களுக்குச் சரியாகச் சொல்லாததுதான். துண்டறிக்கை பல வீடுகளில் விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போனது.

அப்பா பெயரும் என் பெயரும் இடம் மாறி இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்றாகுமா?

நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்வது. பெயரை நம்பாதீர்கள், பத்து இலக்க என்.எச்.எஸ். எண்ணைக் காட்டுங்கள். இரண்டு எண் இருந்தால் ஜி.பி. வரவேற்பில் சொல்லி இணைக்கக் கேளுங்கள். பதிவேடு வருமுன்பே இதைச் செய்யுங்கள், பிழையும் சேர்ந்தே பகிரப்படும்.

எல்லாம் திரையில் வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு மாத்திரைப் பையைக் கொண்டுவர வேண்டாம்தானே?

வேண்டும், அம்மா. மயங்கி விழுந்து வந்த ஒருவரின் பையைக் கட்டிலில் கொட்டினேன். இங்கே எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபின் ஒரு பெட்டி. ஊருக்குப் போனபோது வாங்கிய அதே அம்லோடிபின், வேறு பெயரில், இன்னொரு அட்டை. இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். திரையில் இருந்தது ஒன்றுதான்.